பதினாறு பல்புகளும் ஒரு டிக்-டிக்கும்

"அஜ்ஜா, ஹிந்தே லைட் இல்லா."

ஒரு மாதத்துக்கு முன், சனிக்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு, ரிங் ரோடு சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் கார்க் கண்ணாடியைத் தட்டிச் சொன்ன செய்தி இது. தாத்தா, பின்னால் விளக்கு இல்லை.

சொன்னவருக்கே ஐம்பது வயதுக்குக் குறையாது. ஹெல்மெட்டுக்குள் தெரிந்த மீசையில் பாதிக்கு மேல் நரை. அவர் என்னைத் தாத்தா என்கிறார். எனக்கு எழுபத்து நான்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும்...

கண்ணாடியை இறக்கி, "எந்தப் பக்கம்?" என்று கன்னடத்தில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எரடூ," என்றார். இரண்டுமே. அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரை ஓட்டிக்கொண்டிருந்தது நான் அல்ல, என் மனைவி செலின். இரண்டு வருடத்துக்கு முன் கண் டாக்டர் எனக்கு ஒரு சோதனை வைத்தார். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நாற்பத்தோரு தடவை அமுக்கினேன். "மொத்தம் எத்தனை புள்ளி வந்தது டாக்டர்?" என்று கேட்டேன். "இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். நேரே இருப்பது தெரிகிறது, ஓரங்கள்தான் போய்விட்டன. அன்றிலிருந்து எனக்கு இடப்பக்க சீட்.

செலின் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள். ராத்திரி டியூட்டிக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்தவள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று ஊரில் பல பேர் சொல்வார்கள். நான் இதுவரை சொன்னதில்லை... இப்போது எழுதிவிட்டேன், போதாதா?

அன்று வீட்டுக்கு வந்ததும் காரைச் சுற்றி ஆய்வு நடத்தினேன். நான் பின்னால் நிற்க, அவள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"நல்லா மிதி."

"மிதிச்சுட்டுத்தாங்க இருக்கேன்."

"ஒண்ணும் தெரியலையே."

"அதைத்தானே அந்த ஸ்கூட்டர்க்காரர் சொன்னார்? நீங்க ஒரு தடவை தனியா வேற பார்க்கணுமா?"

பார்க்க வேண்டும். எண்ணிப் பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. பட்டுப்பூச்சி முட்டைகளை எண்ணிப் பதிவு செய்கிற ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு பூச்சி இடும் முட்டைகள் கடுகைவிடச் சின்னவை; நானூறு, ஐந்நூறு இருக்கும். அதையே எண்ணியவனுக்கு ஒரு காரின் பல்புகள் எம்மாத்திரம்?

முன்னால் ஹெட்லைட் இரண்டு, பார்க்கிங் இரண்டு, இண்டிகேட்டர் இரண்டு. பக்கவாட்டில் குட்டி இண்டிகேட்டர் இரண்டு. பின்னால் பிரேக்கும் டெயிலும் சேர்ந்தது இரண்டு, இண்டிகேட்டர் இரண்டு, ரிவர்ஸ் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு மேல் இரண்டு. ஆக வெளியே மட்டும் பதினாறு. அதில் ஐந்து செத்திருந்தன. மூன்று சாகக் கிடந்தன. உயிரோடிருந்த ஹெட்லைட்டுகளின் வெளிச்சமோ, ஆறிப்போன டீயின் நிறம்.

காருக்கு இருபத்தொரு வயது. அதனிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

செலின் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, இறங்கி, கதவைச் சாத்தினாள். பிறகு சாதாரணமாக, காய்கறி விலை சொல்வதுபோல, ஒன்று சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டறேன். அதுக்கப்புறம் பாட்டுக் குழுவை விட்டுடறேங்க."

சனிக்கிழமைதோறும் ஆறரைக்கு சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கான பாட்டுப் பயிற்சி. விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். குழுவில் பதினான்கு பேர். அதில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பாட்டையும் கன்னட எழுத்தில் எழுதிக்கொடுப்பது செலின்தான். 'ழ' வரும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவாள். நாக்கை மடக்கு என்று அர்த்தம்.

"ஏன் விடணும்?" என்றேன்.

"ஆறு மணிக்கே இருட்டிடுது. ரோடு தெரியலைங்க எனக்கு. எதிர்ல வர்றவன் லைட்டுதான் தெரியுது."

"ஆட்டோல போலாமே?"

"போன மாசம் போனேனே, மறந்துட்டீங்களா? மூணு ஆட்டோ வரேன்னு சொல்லிட்டு வரலை. நாலாவது ஆள் வந்தப்ப அங்க பாதிப் பயிற்சி முடிஞ்சிருந்தது. சாமி பாட்டுப் பாடறதுக்கு இத்தனை பேர்கிட்ட கெஞ்சணுமா?"

குழுவில் ஒருவர் காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாரே என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். எனக்கே நான் கேட்டது தப்பு என்று புரிந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனவளை இன்னொருவர் ஏற்றி இறக்கினால், அவள் இரண்டு வாரம் போவாள். மூன்றாவது வாரம் தலைவலி வரும்.

அவள் ஓட்டுவதை நிறுத்தினால், நானும் வீட்டோடு நின்றுவிடுவேன் என்பது வேறு விஷயம். அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன?

அப்போதுதான் எனக்கு எல்.இ.டி. என்ற மூன்றெழுத்து நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் மாற்றியாகிவிட்டது. காரில் ஏன் கூடாது?

நான்கு நாள் படித்தேன். சாதாரண பிரேக் பல்பு இருபத்தொரு வாட் தின்னும், எல்.இ.டி. இரண்டு மூன்று வாட்டில் அதே வேலையைச் செய்யும். பிரேக்கில் கால் வைத்ததும் சாதாரண பல்பின் இழை சூடாகிப் பிரகாசிக்க நொடியில் ஒரு சிறு பங்கு ஆகும், எல்.இ.டி.க்கு அந்தத் தாமதமே இல்லை. பின்னால் வருபவருக்கு அந்தச் சிறு பங்கில் ஓர் ஆள் நீளத் தூரமாவது மிச்சம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு காகிதத்தில் பதினாறையும் வரிசையாக எழுதி, எதிரே வாட் கணக்குப் போட்டு, மாதேஷ் கடைக்குப் போனோம்.

மாதேஷ் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஊர் ராமாபுரம். விஜயநகரில் கடை போட்டுப் பதினெட்டு வருடம். வயரிங் கருகின வாசனையிலேயே எந்த ஒயர் என்று சொல்லிவிடுவார். கன்னடச் சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு மரியாதை செய்கிற பேச்சு அவருடையது. "அஷ்டேங்க சார்" என்பார். அவ்வளவுதான் என்று பொருள்.

காகிதத்தை நீட்டினேன். மேலிருந்து கீழே படித்தார்.

"ஹெட்லைட்டு ரெண்டும் அடிச்சிருங்க சார்."

"ஏன்? அதுதானே முக்கியம்?"

"முக்கியமுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன். இந்தக் காரோட ஹெட்லைட்டு கிண்ணம் இழை பல்புக்குன்னு பண்ணது. அதுல எல்.இ.டி. போட்டா வெளிச்சம் ரோட்டுல விழுவாது. எதிர்ல வர்றவன் கண்ணுல விழும். அம்மா எதிர்ல வர்றவன் லைட்டு கண்ணைக் கூசுதுன்னு சொல்றாங்க. நாளைக்கு ஊரே அம்மாவைப் பார்த்து அதைச் சொல்லணுங்களா? போலீஸ் வேற நிறுத்துவாங்க."

"அப்ப எனக்கு ரோடு எப்படித் தெரியும் மாதேஷ்?" என்றாள் செலின்.

அவர் ஹெட்லைட்டின் மேல் விரலால் தேய்த்துக் காட்டினார். "பல்பு மேல தப்பில்லீங்கம்மா. இந்தக் கண்ணாடி மஞ்சக் காமாலை புடிச்சுக் கெடக்குது. தேச்சு பாலீஷ் போட்டு, புதுசா நல்ல ஆலஜன் பல்பு போட்டு, பேட்டரியிலிருந்து நேரா ஒரு ஒயர் இழுத்து ரிலேன்னு ஒரு சுவிட்ச் வச்சுட்டா... பாருங்க அப்புறம்."

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் பட்டியல் போடுகிறேன். அதில் இரண்டை அடித்தது முதல் தோல்வி. அடுத்த தோல்வி உடனே வந்தது. பின்விளக்குக்கு வெள்ளை எல்.இ.டி. வாங்கலாம் என்று எழுதியிருந்தேன், வெள்ளைதானே பிரகாசம்?

"சிவப்பு மூடிக்குள்ள வெள்ளை போட்டா ரோஸ் கலராயிருமுங்க சார். பொறந்தநாள் கேக்காட்டம். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். அஷ்டேங்க."

சரி என்றேன். செலின் எதிர்க்கடையில் காப்பிப்பொடி அரைக்கப் போனாள். மாதேஷ் வேலையை ஆரம்பித்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் பதினான்கு எல்.இ.டி.யும் ஏறிவிட்டன. அவரே உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். பின்னால் நின்ற நான் ஓரடி பின்வாங்கினேன். சிவப்பு என்றால் அது சிவப்பு. டெயில் எரியும்போது ஓர் அளவு, பிரேக் மிதித்தால் அதற்கு மேல் இன்னோர் அளவு. வித்தியாசம் இருபதடிக்கு அப்பாலும் தெரிந்தது. அடுத்து இண்டிகேட்டர் போட்டார்.

அதற்கு ஜுரம் வந்துவிட்டது.

பழைய பல்பு நிமிடத்துக்கு எண்பது தடவை மின்னும் — எண்ணியிருக்கிறேன். இது எண்ணுவதற்கே இடம் கொடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணினேன். எண்பத்தொன்று. நிமிடத்துக்கு நூற்று அறுபத்திரண்டு.

"இது கெட்டுப்போச்சா?"

அதற்குள் செலினும் காப்பிப்பொடியோடு வந்துவிட்டாள். மாதேஷ் சிரித்தார்.

"கெட்டுப்போவலீங்க. இண்டிகேட்டரை மின்ன வைக்கிற ரிலே பழசு. பல்புன்னா இத்தனை கரண்டு இழுக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்குது. எல்.இ.டி. அதுல பத்துல ஒரு பங்குதான் இழுக்குது. ஒடனே என்ன நெனைச்சுக்குது? அய்யோ, ஒரு பல்பு செத்துப்போச்சுன்னு நெனைச்சுக்குது. பதறிப்போயி அடிக்குது."

"எல்லாம் நல்லா இருந்தாலும் பதறுமா?"

"கணக்கு ஒத்துவரலைன்னா பதறுமுங்க."

செலின் என்னைப் பார்த்தாள். "இதுக்கு என்ன மருந்து?"

"பதறற ரிலேவைக் கழட்டிட்டுப் பதறாத ரிலே மாட்டிரலாமுங்க."

"அந்த மாதிரி மனுஷங்களுக்கும் எதாவது கிடைக்குமா மாதேஷ்?"

மாதேஷ் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். செலின் காப்பிப்பொடியைக் காரில் வைத்துவிட்டு, பக்கத்தில் பூ வாங்கப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில்தான் நான் இந்த வாரப் பத்தியை எழுதக் காரணமான தப்பைச் செய்தேன். மாதேஷ் புது ரிலேவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சார், இதுல சத்தம் வராதுங்க. பரவாயில்லீங்களா?"

"சத்தம் எதுக்கு? வெளிச்சம் போதும்," என்றேன்.

ரிலே ஏறியது. எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. கச்சிதம். பாலீஷ் போட்ட ஹெட்லைட்டுகள் புதுக் கண்ணாடிபோல மின்னின. அன்று சாயங்காலமே தெருவில் ஒரு சுற்று வந்தோம். செலின் ஓரமாக நிறுத்தி, "அந்த வேகத்தடையில வெள்ளைக்கோடு இருக்குதுங்க," என்றாள். மூன்று வருடமாக அந்தக் கோடு அங்கே இருக்கிறது. பாட்டுக் குழுவை விடுவது பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வந்தது.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் சத்தம். செலின் இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டு, கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்தாள். ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பினால்தான் இண்டிகேட்டர் தானாக அணையும். ஒதுங்கி ஏறுகிற சின்னத் திருப்பத்தில் அணையாது. அது மின்னிக்கொண்டே வந்திருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு பச்சை அம்பு மின்னும், உண்மைதான், பட்டாணி அளவு. அவள் கண் ரோட்டில். என் கண்ணுக்கு ஓரங்களே கிடையாது.

ஒரு சிக்னல் தாண்டினோம். அடுத்ததும் தாண்டினோம்.

மூன்றாவதுக்கு முன்னால், இடப்பக்கக் குறுக்குத்தெருவில் ஓர் ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. எங்கள் இண்டிகேட்டரைப் பார்த்து, இந்தக் கார் தெருவுக்குள் திரும்பப் போகிறது என்று நம்பி, நேரே மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. நாங்களோ நேராகப் போகிறோம்.

செலின் பிரேக்கை மிதித்தாள். பூவும் பாட்டு நோட்டும் என் மடியிலிருந்து கீழே போயின. ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை அகலம். எங்களுக்குப் பின்னால் டவுன் பஸ். அதுவும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன்; அதன் முன்கண்ணாடி முழுக்க எங்கள் பிரேக் லைட்டின் சிவப்பு. அந்தப் பதினான்கில் இரண்டு, வந்த முதல் வாரத்திலேயே எங்கள் இருவரையும் காப்பாற்றியிருக்கின்றன.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்:

"ஏனம்மா... எடக்கே ஹாக்கி நேரா ஹோக்தீரா?"

இடப்பக்கம் போட்டுவிட்டு நேராகப் போகிறீர்களே?

செலின் "சாரிப்பா" என்றாள். காரை ஓரங்கட்டினாள். சாவியைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னிக்குப் போய், இனிமே வரலைன்னு சொல்லிட்டு வந்துடறேன். லைட்டு இல்லைங்க பிரச்சனை. எனக்குத்தான் வயசாயிடுச்சு. இண்டிகேட்டர் போட்டதே ஞாபகம் இல்லை."

"எல்லாருக்கும் வர்றதுதானே—"

"எனக்கு வந்ததில்லை. இருபது வருஷத்துல ஒரு தடவைகூட இல்லை. டிக்-டிக்னு கேட்டுட்டே இருக்கும், கை தானாப் போய் அணைச்சுடும். இப்ப அந்தச் சத்தம்கூட எனக்குக் கேக்க மாட்டேங்குது பாருங்க. காதும் போயிடுச்சுபோல."

மூன்று நிமிடத்தில் அத்தனை வண்டிகள் போயின, ஒன்றைக்கூட எண்ணவில்லை.

உண்மையில் காது போயிருப்பது எனக்கு. அந்த டிக்-டிக் எனக்குக் கேட்பது நின்று ஐந்தாறு வருடமாவது ஆகியிருக்கும். நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நிமிடத்துக்கு எண்பது என்று கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு சத்தம் உண்டு, அதை வைத்து ஒருத்தி ஓட்டுகிறாள் என்பது என் கணக்கில் எந்தக் காலத்திலும் ஏறவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன். கடைக்குத் தனியாகப் போய் சரிசெய்துகொண்டு வந்துவிட்டால், நான் கேட்காமல் முடிவு செய்தது யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அதுவரை அவள் தன் காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். சர்ச்சில் போய்ச் சொல்லியும் விடுவாள்.

"உன் காதுக்கு ஒண்ணும் இல்லை செலின்," என்றேன். "புது ரிலேல சத்தமே கிடையாது. மாதேஷ் கேட்டார், சத்தம் வராது பரவாயில்லையான்னு. நான்தான் எதுக்குன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நீ பூ வாங்கப் போனப்ப."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூக்கடை எத்தனை அடி தூரம்ங்க?"

"முப்பது... முப்பத்தைந்து."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?"

இந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

பயிற்சி முடியும்வரை சர்ச் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரே சரணம் திரும்பத் திரும்பக் கேட்டது, மங்கலாக. ஏழே முக்காலுக்கு வெளியே வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றேன்.

"எங்க சொல்றது? பசங்க ரெண்டாவது சரணத்துல இழுத்துட்டே போறாங்க. எனக்கும் இன்னிக்கு வேகம் பிடிபடலை. வழக்கமா அந்தப் பெரிய சிக்னல்ல டிக்-டிக் கேட்டு, அதுல பாட்டை ஒரு தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டுப் போவேன். இன்னிக்கு அது இல்லையே."

"இண்டிகேட்டரை வச்சா வேகம் எடுக்கிறே?"

"எத்தனை வருஷமா! உங்ககிட்ட சொன்னா அதையும் எழுதி வச்சுக்குவீங்க."

எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?

காரில் ஏறியதும் ஓர் ஆணை பிறந்தது. வீடு போய்ச் சேரும்வரை நான் கழுத்தை நன்றாகத் திருப்பி, அந்தப் பச்சை அம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது மின்னும்போதெல்லாம் வாயால் சத்தம் கொடுக்க வேண்டும்.

"டிக்... டிக்... டிக்..."

"வேகமாப் போறீங்க."

"அது எப்படி மின்னுதோ அப்படித்தான் சொல்றேன்."

"சும்மா இருங்க, பழசு இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும். டொக்... டிக்... டொக்... டிக்... அப்படி."

டொக், டிக் என்றேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்கில் ஒரு தம்பதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்து நான்கு வயது மனிதர், கழுத்தைத் திருப்பி மனைவியின் மடிப் பக்கம் பார்த்து, டொக் டிக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் என்ன நினைத்தார்களோ... ஏழு கிலோமீட்டரில் பதினோரு திருப்பம். வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. செலின் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். நானும்தான்.

திங்கட்கிழமை காலை மாதேஷ் கடை. இந்த முறை நான் பட்டியல் எதுவும் எழுதிப் போகவில்லை. "நீயே சொல்லு," என்று செலினை முன்னால் விட்டேன்.

அவள் சொல்லி முடித்ததும் மாதேஷ் என்னைப் பார்த்தார். 'நான் கேட்டேனில்ல' என்று சொல்லக்கூடிய பார்வை. ஆனால் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே இன்னும் பத்து வருடம் அந்தக் கடைக்குப் போகலாம்.

"பஸ்ஸர் ஒண்ணு வச்சிரலாமுங்களா? ஸ்கூட்டருக்கெல்லாம் வைக்கிறது. பீப் பீப்னு வரும். குருவி கத்தறாப்பலயும் இருக்குது." ஒன்றை எடுத்து பேட்டரியில் தொட்டுக் காட்டினார். குருவி கத்தியது. தெருநாய் ஒன்று எழுந்து நின்றது.

"எனக்கு அந்தப் பழைய சத்தம்தான் வேணும்," என்றாள் செலின்.

"அப்படீன்னா பழைய ரிலேவையே மாட்டோணுங்க."

"மாட்டுங்க."

"மாட்டினா மறுபடியும் பதறுமேங்கம்மா."

மாதேஷ் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய்ப் பொன்னிற உலோகத் துண்டுகள் நான்கைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். ரெசிஸ்டர். எல்.இ.டி. இழுக்காமல் விடுகிற கரண்டை இதுகள் இழுத்துச் சூடாக்கித் தீர்த்துவிடுமாம். பழைய பல்புதான் எரிகிறது என்று ரிலே நம்பிவிடும். பதறாது.

"இரும்புத் தகட்டு மேலதான் வைக்கோணும். பிளாஸ்டிக் மேல வச்சா உருகிப்போயிருமுங்க," என்று சொல்லிக்கொண்டே நான்கையும் பூட்டினார்.

எனக்கு ஒரு சந்தேகம். "மாதேஷ், பழைய இண்டிகேட்டர் பல்பு இருபத்தொரு வாட் இழுத்தது. இப்ப எல்.இ.டி.யும் இந்த ரெசிஸ்டரும் சேர்ந்து எவ்வளவு இழுக்கும்?"

"அதேதாங்க. கொஞ்சம் ஜாஸ்தியாகூட இருக்கும்."

"அப்ப இண்டிகேட்டரில் நாம மிச்சம் பண்ணது?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"அந்த வெளிச்சம்..."

"அது நல்லா இருக்குதில்லீங்களா? அஷ்டேங்க."

பழைய ரிலே ஏறியது. செலின் உள்ளே உட்கார்ந்து இண்டிகேட்டர் போட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. இரண்டாவது சரணம் என்று நினைக்கிறேன்.

பழையதைப் புதிதாக்க நினைக்கும்போது நாம் எதை மாற்றுகிறோம்? எண்ணத் தெரிந்ததை. வாட், வெளிச்சம், நிமிடத்துக்கு இத்தனை தடவை. எண்ணத் தெரியாத ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் ஐம்பது வருடத்தில் அதைத்தான் நான் நிறையச் சேமித்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பயிற்சிக்குப் போய் வந்தோம். ஹெட்லைட் ரோட்டில் விழுந்தது. எதிரே வந்தவர் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஜனவரிப் பாட்டுகளைக் கன்னட எழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள். அது எனக்குப் போதும். நேற்று மத்தியானம் எழுதிக்கொண்டே கேட்டாள்:

"கௌதள்ளியில உங்க அண்ணன் பொண்ணு குழந்தை பெத்து ரெண்டு மாசமாச்சு. நாம இன்னும் போய்ப் பார்க்கலையே. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டுக் கிளம்பலாமா?"

"நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கே," என்றேன். "சாப்பிட்டு, குழந்தையைப் பார்த்துட்டுத் திரும்பறப்ப இருட்டிடும்."

சிவப்பு மையால் ஒரு 'ழ'வுக்கு வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இருட்டட்டுமே."